தீவகமும் பொன்னும்

பொன் விளையும் நிலம் ஒன்று. பொன் வந்திறங்கும் நிலம் பிறிதொன்று. யாழ்ப்பாணத்துத் தீவகம் இவற்றுள் எவ்வகையது என்னும் வினாவிற்கு விடை காண, வரலாற்றொடு புவிச்சரிதவியலையும் துணைக்கொள்ளல் வேண்டும்.

மண்ணிற் பொன் திரள்வதற்குப் பல வழிகள் உள. அவற்றுள் ஒன்று எரிமலைச் சார்பினது. கற்குழம்பின் வெப்பத்தாற் சூடேறிய நீர், கந்தகத்தின் சேர்க்கையாற் பொன்னைக் கரைத்துக்கொண்டு பாறை வெடிப்புக்களின் வழியே மேலெழும். மேற்பரப்பை அணுகுந்தோறும் அமுக்கம் குறைதலின் அந்நீர் கொதிக்கும். கந்தக வாயு பிரிந்தகலும். பற்றுக்கோடிழந்த பொன் படிகக்கல்லோடு நாளங்களிற் படியும். யப்பானில் 1981 இற் கண்டறியப்பட்ட இசிகாரிப் படிவு இவ்வகையினது. ஆங்கு ஒரு தொன் கல்லில் 30 கிராமுக்கு மேற்பட்ட பொன் கிடைத்து வந்தது. இத்தகைய பொன்னைத் தேடுவோர், வெளிறிக் களியாக மாறிய பாறையையும், பட்டை பட்டையான படிகக்கல் நாளங்களையும், மண்ணிற் கலந்த ஆசெனிக்கு, இரசம் முதலியவற்றையும் வழிகாட்டிகளாகக் கொள்வர்.

இலங்கையின் பெரும்பகுதியோ மிகப் பழைய பாறையாலாயது. அப்பாறைகள் ஒருகாலத்திற் பல கிலோமீற்றர் ஆழத்திற் கிடந்து, மேலிருந்தவை தேய்ந்தபின் வெளிப்பட்டவை. மேற்பரப்பை ஒட்டிய பொன் நாளங்கள் என்றேனும் இருந்திருப்பினும், அவை அத்தேய்விலே அழிந்திருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கனிப்பொருள் அளவைக்குத் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி 1904 இற் கண்டு உலகிற்கு அறிவித்ததும் தோரியனைற்று என்னும் கனிப்பொருளேயன்றிப் பொன்னன்று. தமிழர் பலர் உழைத்த கோலார்ச் சுரங்கம் எரிமலை வெந்நீர் வகையைச் சாராது, தொன்மையான பாறையிற் பேராழத்துக்குச் சென்றது. அதுவும் 2001 இல் மூடப்பட்டது.

தீவகத்தின் நிலம் இவற்றினும் வேறு. மயோசீன் காலக் கடலிற் படிந்த சுண்ணக்கல்லே அதன் அடித்தளம். ஆங்கு எரிமலையும் இல்லை. பொன் சுமக்கும் வெந்நீரும் இல்லை.

எனினும் செல்வம் கடல்வழி வந்தது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, பொலன்னறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) ஆணையாகும். பரதேசிகள் ஊராத்துறையிலே வந்திறங்குக, அவர்கட்குக் காவல் அளிக்கப்படுக என்று அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் கெட்டால், நாலிலொரு பங்கு பண்டாரத்திற்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியவாம். வாணிகச் சரக்குக் கொணர்வது கெட்டாற் சரிபாதியாம். போருக்கு வேண்டிய விலங்குகளைக் கொணர்வோர்க்கு மன்னன் மிகுதியாக விட்டுக்கொடுத்தமை ஈண்டுக் கருதத்தக்கது. இன்றைய ஊர்காவற்றுறையே அவ் ஊராத்துறை. பொன் விளையாத கரை, காவலாலும் நீதியாலும் பொன்னை ஈர்த்தது.

தீவகத்தார்க்கு நிலம் அளித்த செல்வம் வேறொன்றுண்டு. மழைநீர் சுண்ணக்கல்லின் துளைகளில் ஊறி, உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்பின், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. ஆதலின் மேல்மட்டம் சிறிது தாழினும் கீழிருந்து உவர் பெரிதும் உயரும். அளவின்றி இறைத்தலும், கல்லை ஆழ அகழ்தலும் இவ்விழப்பையே விரைவுபடுத்தும். நாளத்திற் படிந்த பொன்னை ஒருமுறையே அள்ளலாம். கிணற்று நீரோ காப்பவர்க்கு ஆண்டுதோறும் ஊறும். துறையைக் காத்த முன்னோரின் வழிவந்தோர்க்கு, கிணற்றைக் காத்தலே இன்றைய கடன்.