இரண்டு பிளக், பன்னிரண்டு வருஷம்

ஐ.சி. என்ஜின் பாடத்தை மறந்தவர்கள்கூட ஸ்பார்க் பிளக்கை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சின்னப் பொருளுக்காக இரண்டு பெரிய கம்பெனிகள் 12 வருஷம் மல்லுக்கு நின்ற கதை இது.

வண்டிப் புகையின் நச்சைக் குறைக்க இரண்டு வழி உண்டு. வெளியே வரும் புகையை சைலன்சர் பக்கம் வைத்து சுத்தம் செய்வது ஒன்று. சிலிண்டருக்குள்ளேயே முழுசாக எரித்துவிடுவது இன்னொன்று. பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டும் லீன் மிக்சரில் மைலேஜ் கிடைக்கும். ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். எரியாமல் தப்பிய ஹைட்ரோகார்பன் வெளியே வந்துவிடும். இரண்டு பக்கமும் பிளக் வைத்தால் தீ ஓடவேண்டிய தூரம் குறையும். பஜாஜின் டி.டி.எஸ்.ஐ. இதுதான்.

இதற்கு 2002 ஜூலையில் விண்ணப்பித்து, 2005 ஜூலையில் 195904 என்ற எண்ணில் பேடண்ட் வாங்கியது பஜாஜ். 2007-ல் டி.வி.எஸ். தன் 125 சி.சி. ஃப்ளேம் பைக்கை மூன்று வால்வு, இரண்டு பிளக்குடன் கொண்டுவர, வந்தது வம்பு! பேடண்டையே ரத்து செய்யக் கேட்டது டி.வி.எஸ்.; தடை கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் வந்தது பஜாஜ்.

இரட்டை பிளக் பழைய சரக்கு, ஹோண்டாவின் அமெரிக்கப் பேடண்டிலேயே இருக்கிறது என்பது டி.வி.எஸ். வாதம். 45 முதல் 70 மி.மீ. போர் உள்ள சின்ன சிலிண்டரில், லீன் மிக்சரை எரிக்க அதை வைத்ததே புதுமை என்பது பஜாஜின் பதில். பழைய பாகம், புது அளவு: இது கண்டுபிடிப்பா, வெறும் சைஸ் மாற்றமா?

2008 பிப்ரவரியில் தனி நீதிபதி தடை விதித்தார். ஃப்ளேம் ஒற்றை பிளக்கோடு கடைக்கு வந்தது. 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. செப்டம்பர் 16-ல் உச்ச நீதிமன்றம், விற்கலாம், கணக்கு வைக்கவேண்டும் என்றது; தினமும் விசாரித்து நவம்பர் 30-க்குள் வழக்கை முடிக்கவும் சொன்னது. ஆனால் சண்டை ஓய்ந்தது 2019 அக்டோபரில், இருவரும் சமாதானமாகப் போனபோதுதான்!

தொழிற்சாலையில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிதாக ஏதாவது செய்தால், எந்த அளவில், எந்தச் சிக்கலுக்காகச் செய்தோம் என்று டிராயிங்கோடு அன்றே எழுதி வையுங்கள். பஜாஜ் காலூன்றி நின்றது அந்த 45, 70 என்ற இரண்டு எண்களின் மேல்தானே!