புயல் வலுவிழந்த நாள்

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் பிடித்த மழை வேங்கிக்காலில் விடவே இல்லை. கரண்ட் போய்விட்டது. பேட்டரியில் ஓடும் பழைய ரேடியோவும், செல்போனில் மிச்சமிருந்த சார்ஜும்தான் துணை. முந்தின இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. நண்பகல் வாக்கில் செய்தி வந்தது: புயல் வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக மாறிவிட்டது.

அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுக்குப் பூ கொடுக்கும் அம்மா போன் செய்தார். அவர் வீடு டவுனில், மலையடிவாரத்தை ஒட்டி.

"சார், புயல் என்னா ஆச்சு சார்? நாங்க வூட்லயே இருக்கலாமா?"

"வலுவிழந்துடுச்சும்மா. இனிமே பயமில்ல. வெளியே எங்கயும் போகாதீங்க" என்றேன். வருவாய்த் துறையில் காலம் தள்ளிய மனுஷன் சொல்கிறாரே என்று அவரும் நம்பினார்.

அன்று மாலை மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து வ.உ.சி. நகரில் விழுந்தன. ஏழு பேர் இறந்துபோனார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். பூக்கார அம்மாவின் வீடு வேறு பக்கம் என்பதால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் சொன்ன வார்த்தை அன்று இரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை. எதை நம்பி அப்படிச் சொன்னேன்? "வலுவிழந்தது" என்ற ஒரு சொல்லை நம்பி. எதன் வலு? காற்றின் வலு. அந்த அம்மா பயந்ததோ மழைக்கு.

அதற்குப் பிறகு சில மாதங்கள் இந்தக் காற்றுச் சொற்களையே துருவிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? அதில் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் என் பழைய கதை கொஞ்சம். 1970களின் கடைசியில் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது திருவண்ணாமலை தனி மாவட்டம் இல்லை, வட ஆர்க்காட்டோடு இருந்தது. 1989 செப்டம்பரில்தான் பிரிந்தது. இன்று கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால் அப்போது ஏரியும் வயலுமாக இருந்தது. அந்த நாளில் புயல் செய்திகள் ஆங்கிலத்தில் வரும். அதைத் தமிழில் எழுதி கிராமங்களுக்கு அனுப்புவது என் மேசைக்கு வந்து சேர்ந்த வேலைகளில் ஒன்று. கிராமத்தில் தலையாரி தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று எழுதிக் கொடுத்தேன். தலையாரி ஒருவர் நேராக என் மேசைக்கே வந்துவிட்டார். "ஐயா, ஒரு மண்டலம்னா நாப்பத்தெட்டு நாளு. அவ்ளோ நாளா இது இருக்கும்?" என்று கேட்டார். மருந்து சாப்பிடுவதற்கும் விரதத்துக்கும் மண்டலக் கணக்கு வைப்பவர்களிடம் போய் அந்தச் சொல்லைச் சொன்னால் வேறென்ன நினைப்பார்கள்! ஆபீஸில் எல்லோரும் சிரித்தோம். கடைசியில் அவர் என்ன சொல்லித் தண்டோரா போட்டார் தெரியுமா? "பெரிய மழ வருது, ஏரிக்கரையப் பாத்துக்குங்க." என் தமிழைவிட அவர் தமிழ் நல்ல தமிழ் என்று எனக்கு உறைக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இனி 'புயல்' என்ற சொல்லுக்கு வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினேன். புயல் என்றால் மேகம், மழை பெய்தல் என்று பொருள்கள் இருக்கின்றன. பெருங்காற்று என்பதும் ஒரு பொருள். சங்கப் பாடல்களில் புயல் என்று வந்தால் உரைகாரர்கள் பெரும்பாலும் மேகம் என்றோ மழை என்றோதான் எழுதுகிறார்கள். கருமேகம் திரண்டு மழை கொட்டுவதுதான் அந்தக் காலத்துப் புயல்.

இந்தச் சொல் மட்டுமல்ல. 'மழை' என்பதற்கே பழந்தமிழில் மேகம் என்ற பொருளும் உண்டு. 'வான்' என்றால் ஆகாயம், மேகம், மழை மூன்றும். திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரம் மழையைப் பற்றியது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 'கொண்டல்' கீழ்க்காற்றுக்கும் பெயர், நீர் கொண்ட மேகத்துக்கும் பெயர். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல் என்று நாலு திசைக்கும் காற்றுக்குப் பெயர் வைத்தவர்கள், மழை கொண்டுவரும் கீழ்க்காற்றுக்கும் மேகத்துக்கும் ஒரே பெயரை வைத்தார்கள். கிழக்கே கடல் உள்ள நாட்டில் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பயிர் செய்தவர்களுக்கு, காற்று என்பது மழையின் முன்னறிவிப்பு.

'கால்' என்றாலும் பழந்தமிழில் காற்றுதான். எங்கள் வேங்கிக்காலில் உள்ள கால் அந்தக் கால் இல்லை, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால் என்பது என் கட்சி. நண்பர் ஒருவர் காற்று என்றே அடித்துப் பேசுகிறார். பேசட்டும்.

அப்படியானால் மேகமாக இருந்த புயல் எப்போது காற்றாக மாறியது? 'புயற்காற்று' என்று இரண்டு சொல் சேர்ந்து வழங்கி, பிறகு பின்பாதி உதிர்ந்து, அதன் பொருள் மட்டும் முன்பாதியில் ஒட்டிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதை எண்களால் கட்டிப்போட்டவர்கள் கப்பல்காரர்கள்.

கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் என்று ஓர் ஆங்கிலேயர் இருந்தார். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்தின் தலைவர். வங்கக் கடலில் அகப்பட்டுத் தப்பிய கப்பல்களின் குறிப்பேடுகளை வாங்கி வாங்கிப் படித்தார். காற்று சுழன்று சுழன்று வீசுவதைக் கண்டு, சுருண்ட பாம்பை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை உண்டாக்கினார். 1848இல் மாலுமிகளுக்காக அவர் எழுதிய கையேட்டில் அந்தப் பெயர் இருக்கிறது. இன்று உலகம் முழுக்க வழங்கும் சொல் நம் வங்கக் கடலில் பிறந்ததுதான்.

1864இல் கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கியது. மறுவருஷமே அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாடு வந்தது. 1875இல் இந்திய வானிலைத் துறை உருவானது. எச்சரிக்கை யாருக்கு? துறைமுகத்துக்கு. இன்றும் "மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது" என்று செய்தியில் கேட்கிறோமே, அது அந்த நாள் மிச்சம்தான். கம்பத்தில் கூண்டு போன்ற உருவங்களைப் பகலிலும் விளக்குகளை இரவிலும் ஏற்றிக் கப்பலுக்குச் சேதி சொல்வார்கள். மொத்தம் பதினொரு எண்கள். மலையடிவாரத்தில் இருப்பவருக்கு எந்தக் கூண்டும் கிடையாது.

கப்பல்காரனுக்கு மழை ஒரு பொருட்டில்லை, காற்றுதான் எமன். அதனால் தரவரிசை முழுக்கக் காற்றின் வேகத்தை வைத்தே அமைந்தது. இன்றைய கணக்குப்படி, சுற்றி வீசும் காற்று மணிக்கு 31 முதல் 50 கிலோமீட்டர் வரை இருந்தால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதற்கு மேல் ஏறத்தாழ 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால் புயல். 89 என்றால் தீவிரப் புயல், 118 என்றால் மிகத் தீவிரப் புயல். இந்த ஏணியில் எந்தப் படியிலும் மழை என்ற பேச்சே இல்லை. மழைக்கு வேறு ஏணி. ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, அதற்கும் மேல் அதி கனமழை. ஒரே சமயத்தில் ஓர் ஏணியில் இறங்கிக்கொண்டே இன்னோர் ஏணியில் ஏற முடியும்.

டிசம்பர் 1இல் நடந்தது அதுதான். கடலைவிட்டு வந்த புயலுக்குக் காற்று குறைந்தது, ஆனால் நகராமல் நின்றதால் ஒரே பகுதியில் கொட்டித் தீர்த்தது. கரையோரம் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அடுத்த நாள் காலைக் கணக்கில், கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிற ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். அதாவது புயல் என்ற பெயரை அது இழந்த பிறகு பெய்ததுதான் அதில் பெரும்பகுதி. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கரையோர ஊர்கள் மூழ்கின.

நியாயமாகச் சொல்ல வேண்டும். வட மாவட்டங்களுக்குக் கனமழை எச்சரிக்கைகள் அன்று தனியாக வந்துகொண்டுதான் இருந்தன. நான்தான் தலைப்பில் இருந்த 'வலுவிழந்தது' என்பதோடு ரேடியோவின் காதைத் திருகிவிட்டேன்.

பெயர் வைக்கிற விஷயத்தில் தமிழர்கள் சளைத்தவர்கள் இல்லை. சேலத்தில் 1916இல் ராஜாஜியும் நண்பர்களும் தமிழில் விஞ்ஞானச் சொற்களை ஆக்கச் சங்கம் வைத்தார்கள். 1936இல் சென்னையில் விபுலாநந்த அடிகள் தலைமையில் கலைச்சொல் மாநாடு நடந்தது. அந்தக் காலத்துச் சண்டை முழுக்க வாயுவா, வளியா என்பதில். சித்த வைத்தியத்தில் உடம்பில் ஓடும் பத்து வாயுக்களில் ஒன்றான பிராணனை எடுத்து ஆக்சிஜனுக்குப் 'பிராணவாயு' என்று வைத்தார்கள். தனித்தமிழ்க்காரர்கள் 'உயிர்வளி' என்றார்கள். கொரோனா வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் கேட்டதென்னவோ "ஆக்சிஜன் பெட் இருக்கா?" என்றுதான். 'வாயு' இப்போது வயிற்றில் மட்டும் இருக்கிறது. 'வளி' வானிலை அறிவிப்பில் குடியேறி, 'வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி' என்று நம்மை மிரட்டுகிறது.

இலங்கைத் தமிழர்கள் இதில் வேறு வழி போனார்கள். நாம் காற்றழுத்தத் தாழ்வு என்று மூச்சு வாங்கச் சொல்வதை அவர்கள் 'தாழமுக்கம்' என்று ஒரே சொல்லில் முடிக்கிறார்கள். நமக்கு ஹெலிகாப்டர், அவர்களுக்கு உலங்கு வானூர்தி. அங்கே கரையில் வாடை, சோழகம், கச்சான் என்று காற்றின் பெயர்கள் இன்னும் வாயில் புழங்குகின்றன. நம் பக்க மீனவர்களிடமும் இவை இருக்கின்றன. கடலில் இறங்குகிறவனுக்குப் பெயர் தெரியாமல் முடியாது.

பறப்பது பற்றியும் ஒரு வார்த்தை. புறநானூறு 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், பாகன் இல்லாமலே செல்லும் வானவூர்தி என்று சொல்கிறார். நல்லவர்கள் மேலுலகம் போகும் வண்டி அது. சீவக சிந்தாமணியில் அரசி விசயை மயிற்பொறி ஏறித் தப்பிக்கிறாள். உண்மையான பறக்கும் இயந்திரம் சென்னைக்கு 1910இல் டி ஆஞ்செலிஸ் என்ற ஓட்டல்காரரின் முயற்சியில் வந்தபோது, நாம் ஊர்தியை விட்டுவிட்டுக் கோயில் கருவறைக்கு மேல் நிற்கும் 'விமான'த்தின் பெயரை அதற்குக் கொடுத்துவிட்டோம். நகரவே நகராத ஒன்றின் பெயர் பறப்பதற்கு! சமஸ்கிருதத்தில் இரண்டுக்கும் அதே சொல்தான் என்று பண்டிதர்கள் சொல்வார்கள். இருந்தாலும் எனக்கு வானவூர்தியே பிடிக்கும்.

விஷயத்தைவிட்டு விலகிப் போய்விட்டேன். ஐந்து பூதங்களில் எங்கள் ஊர் நெருப்பு. காற்று காளத்திக்கு, ஆகாயம் சிதம்பரத்துக்கு. 2024 தீபம் டிசம்பர் 13. மலையேற பக்தர்களுக்கு அந்த வருஷம் அனுமதி இல்லை. மொட்டைமாடியில் நின்று தீபத்தைப் பார்த்தேன். அதற்குக் கீழே இருட்டில் மண் சரிந்த பக்கம் எது என்று கண் தேடிக்கொண்டே இருந்தது.

பூக்கார அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஞாயிறு மாலை, நான் சொன்னதையும் மீறி அவர் மருமகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாளாம். "தண்ணி செகப்பா வந்துச்சு சார், அவளுக்குப் பயமாயிடுச்சு" என்றார். மண்ணைக் கரைத்துக்கொண்டு இறங்கும் நீரின் நிறம்.

போன ஐப்பசியில் மறுபடி மழை பிடித்தது. மறுபடி போன் வந்தது. "சார், புயல் எங்க இருக்குது சார்?"

"அத வுடும்மா. உங்க தெருவுல தண்ணி என்ன நெறத்துல வருது?" என்று கேட்டேன்.

"தெளிவாத்தான் சார் வருது."

"கலங்கிச்சுன்னா எனக்குப் போன் பண்ணிக் கேக்காதீங்க. பிள்ளைங்கள இழுத்துக்கிட்டுக் கிளம்பிடுங்க."