அடைப்புக்குறி பிறந்த கதை

புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் வேலை கேட்டுப் போகிறவரிடம், டிகிரி முடித்தாரா என்பதோடு விசாரணை நிற்காது. ‘என்ன மேஜர்?’ என்பார்கள். பி.எஸ்சி.க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இயற்பியல், வேதியியல் என ஏதாவது இருந்தால்தான் பட்டம் நிறைவானதாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த அடைப்புக்குறி பட்டத்தோடு கூடப் பிறந்ததல்ல.

லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதல் பி.ஏ.க்கள் மறு ஆண்டு தேறிய இரு யாழ்ப்பாணத்தார்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. அன்றைய பி.ஏ.வுக்கு மொழி, கணிதம், வரலாறு, தத்துவம் எல்லாவற்றிலும் தேற வேண்டும். எல்லாம் படித்தவருக்கு எந்தப் பாடத்தை எழுதுவது? பின்னாளில் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த தாமோதரம்பிள்ளை, தமிழ் மேஜர் அல்ல, வெறும் பி.ஏ. கேம்பிரிட்ஜில் அறிவியலை மூன்றாண்டு படித்தவருக்கு இன்றும் பி.ஏ.தான்.

புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர் வழக்கம் வேறு. நெப்போலியனின் 1808 ஆணை இறையியல், சட்டம், மருத்துவம், அறிவியல், இலக்கியம் என ஐந்து புலங்களை வகுத்தது. பட்டத்தின் பெயரிலேயே புலமும் இடம்பெற்றது.

1954-ல் ஆட்சி கைமாறியது. 1961-ல் தட்டாஞ்சாவடியை அடுத்த லாஸ்பேட்டையில் தொடங்கிய தாகூர் கலைக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. புதுவைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1985-ல்தான். அதற்குள் பட்டப்படிப்பு பாடவாரியாகப் பிரிந்துவிட்டது. எல்லாரும் எல்லாம் படித்த காலம் போனதும், யார் எதைப் படித்தார் என்று சொல்லவேண்டிய அவசியம் வந்தது. மார்க் ஷீட்டைப் புரட்டாமலே ஆளை அறிய, வேலை கொடுப்பவருக்கு அது வசதி.

வசதியே வினையும் ஆயிற்று. 1956-ன் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டம், 22-ஆம் பிரிவில், அரசிதழில் அறிவித்த பட்டங்களையே வழங்கலாம் என்றது. பட்டப்பெயருக்குப் பூட்டு விழுந்தது. அடைப்புக்குறிக்குள்ளோ புதுப்புதுப் பெயர்கள் பெருகின. எந்தப் பட்டம் எதற்கு இணை, எது இணையல்ல என்று தமிழ்நாட்டு உயர்கல்வித் துறை அரசாணை போட்டுத் தீர்க்கிறது. பாடம் ஒன்றாகவே இருந்தாலும், பெயர் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

பாடத்தின் பெயர் பட்டத்தில் இருக்கத்தான் வேண்டும். அது இயற்பியல், வணிகவியல் போன்ற தாய்ப்பாடத்தின் பெயராக இருந்தால் போதும். அட்மிஷனுக்காகச் சூட்டும் கவர்ச்சிப் பெயர்கள் மார்க் ஷீட்டோடு நிற்கட்டும். கல்லூரி வைத்த பெயருக்கு மாணவர் ஆயுள் முழுக்க விளக்கம் சொல்லவேண்டியதில்லை.