சகடை, வண்டு, தலைமாத்தல்

ஒருவர் எந்த ஆண்டில் ஊரை விட்டு வெளிக்கிட்டவர் என்று அறிய அவருடைய பாஸ்போட்டைப் பார்க்கத் தேவையில்லை. (அதில் இருப்பது பல நேரம் அவருடைய பெயரும் இல்லை, அது வேறு கதை.) குண்டு போட வந்த விமானத்தை அவர் என்ன பெயரில் சொல்கிறார் என்று கவனித்தால் போதும்.

'பொம்மர்' என்று மட்டும் சொன்னால் ஆள் எண்பதுகளில் வெளிக்கிட்டவர். 1985க்குப் பிறகு இத்தாலியில் செய்த சியாமார்க்கெட்டி என்ற சின்ன விமானங்கள் வந்து சுற்றிச் சுற்றிக் குண்டு போட்டன. அதன் சரியான பெயர் எங்களுக்கு எதற்கு? 'பொம்பர்' எங்கள் வாயில் பொம்மராகி, ஏதோ பொம்மைக்கு வைத்த பெயர் மாதிரி ஆகிவிட்டது.

'சகடை' என்றால் அவர் 1990ஐக் கண்டவர். யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த அந்த மாதங்களில் சாமான் ஏற்றும் பெரிய விமானங்களில் இருந்து பீப்பாக்களில் குண்டை அடைத்து உருட்டி விட்டார்கள். சகடம் என்றால் வண்டி. அந்த விமானம் பழைய மாட்டு வண்டில் மாதிரி உறுமிக்கொண்டு, ஆறுதலாக, எங்கே போடுவான் என்று தெரியாமல் தலைக்கு மேலே ஊர்ந்து போகும். பெயர் வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் இதைவிடப் பொருத்தமான பெயரை ஒரு பண்டிதராலும் வைத்திருக்க முடியாது.

பிறகு 'சுப்பர்சொனிக்' வந்தது. அது சீனத்து ஜெட். அதற்குப் பிறகு ஆர்ஜென்ரீனாவில் இருந்து 'புக்காரா'. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமிருந்த சனத்தின் மேல் குண்டு போட்டது அதுதான். புக்காரா என்றால் தென்னமெரிக்கப் பழங்குடிகளின் கெச்சுவா மொழியில் கோட்டை. 1996இல் வந்த 'கிபிர்' இஸ்ரேல் தயாரிப்பு, எபிரேய மொழியில் சிங்கக்குட்டி. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தால் நடந்ததே, அதோடு கொழும்புக்குப் போய் வெளிநாடு வந்தவர்களுக்குக் கிபிரின் சத்தம் தெரியாது. 'வண்டு' என்று சொல்பவர் வன்னியில் கடைசிவரை இருந்தவர். ஆளில்லாத வேவு விமானம் நாள் முழுக்க ரீங்காரம் போட்டுக்கொண்டு நிற்கும். வண்டு வந்தால் கொஞ்ச நேரத்தில் செல் வரும்.

செல்லுக்கும் ஒரு மொழி இருந்தது. 'குத்துற சத்தம்' என்றால் முகாமில் இருந்து அது புறப்படும் சத்தம். அதைக் கேட்டதும் எண்ணத் தொடங்குவோம். பங்கரை 'ட' வடிவில் வெட்டவேண்டும் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். வாசலில் செல் விழுந்தாலும் சிதறல் வளைந்து உள்ளே வராது. அரிவரியில் படித்த எழுத்து அதற்கும் உதவியது.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை தந்த சொற்கள் கொஞ்சம் சிரிப்பானவை. ஜாம்போத்தல் விளக்கு, மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டர்சைக்கிளை இழுக்க வைக்கக் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் பீச்சும் 'சூப்பி', சங்கக்கடையில் வரிசையில் நின்று எடுக்கும் 'நிவாரணம்'. இவற்றைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன்.

குறைவாக எழுதப்படுவது எங்களுக்குள்ளே நடந்ததற்கான சொற்கள். 'போடுறது' என்பது சோறு போடுவதற்கும் சட்டை போடுவதற்கும் இருந்த சாதாரணச் சொல். 'அவரைப் போட்டிட்டாங்கள்' என்றால் கொலை. யார் போட்டது என்று யாரும் கேட்பதில்லை, 'ஆங்கள்' என்ற விகுதிக்குள் அது மறைந்துவிடும். எண்பதுகளில் 'லைற்போஸ்ற்' என்பதும் ஒரு தண்டனையின் பெயர். 'பாஸ்' என்றால் குடாநாட்டை விட்டு வெளியே போகப் புலிகளிடம் எடுக்கவேண்டிய அனுமதி. அதற்கு ஒருவர் 'பிணை' நிற்கவேண்டும். மற்றப் பக்கத்தில் 'தலையாட்டி'. முகத்தை மூடிக்கொண்டு ஆமியின் வாகனத்துக்குள் இருப்பான், வரிசையில் போகிறவர்களில் ஒருவரைப் பார்த்துத் தலையை ஆட்டினால் அவ்வளவுதான். பிள்ளைகள் விளையாடும் தஞ்சாவூர்ப் பொம்மைக்கும் தலையாட்டிப் பொம்மை என்றுதான் பெயர்.

வெளிநாட்டு ஓட்டம் தொடங்க இன்னொரு அகராதி. ஆள் கொண்டுபோகிறவர் 'ஏஜென்சி'. ஒருவருடைய பாஸ்போட்டில் இன்னொருவருடைய படத்தை ஒட்டுவது 'தலைமாத்தல்'. ஜேர்மனியிலும் சுவிசிலும் தஞ்சம் கேட்பது 'அசூல் அடிக்கிறது', மற்ற இடங்களில் 'கேஸ்'. காசு அனுப்புவது 'உண்டியல்'. எண்பதுகளில் ஏரோபுளொட்டில் கிழக்கு பேர்லினுக்கு வந்து இறங்கி மேற்குக்குக் கடந்தவர்களிடம் இந்தச் சொற்கள் இப்பவும் அப்படியே இருக்கின்றன.

இவற்றைப் பகிடிக்காக மட்டும் எழுதவில்லை. அசூல் விசாரணையில் இந்தச் சொற்களில்தான் எங்கள் தலைவிதி தொங்கியது. எனக்குத் தெரிந்த ஒருவரின் விசாரணைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். நல்ல மனிதர், நல்ல தமிழ். எங்கள் ஆள் 'ஆமி என்னைப் பேசினவன்' என்றார். எங்களுக்குப் பேசுவது என்றால் திட்டுவது, வாயால் வருவதுக்கு 'கதைக்கிறது' என்போம். கோப்பில் பதிவானது, இராணுவத்தினர் இவருடன் உரையாடினர் என்று. 'பொடியள் வந்து கேட்டவங்கள்' என்றது, சில சிறுவர்கள் வந்து விசாரித்தார்கள் என்று ஆனது. பொடியள் என்றால் இயக்கம் என்பது அந்த அறையில் அவருக்கு மட்டும்தான் தெரியும். 'தம்பியைப் போட்டிட்டாங்கள்' என்றதும் மொழிபெயர்ப்பாளர் உண்மையாகவே கேட்டாராம், எங்கே போட்டார்கள் என்று. சிறுவர்களுக்குப் பயந்து நாடு விட்டு ஓடிவந்த ஒருவரை எந்த அதிகாரிதான் நம்புவார்? கேஸ் றிஜெக்ட். மேன்முறையீட்டில் ஒரு வவுனியாக்காரர் மொழிபெயர்த்தார், அப்பீல் வென்றது. இடையில் போனது நாலு வருசம்.

ஊரில் ஒரு சொல்லுக்கான சண்டை இன்னும் முடியவில்லை. முன்பு நாங்கள் எல்லோரும் 'காணாமல் போனவர்' என்றுதான் சொன்னோம், ஏதோ சந்தைக்குப் போன இடத்தில் வழி தவறியவர் போல. 2016இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அமைத்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரும் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்றே வந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் கொட்டில் போட்டு உட்கார்ந்த தாய்மார் அதை ஏற்கவில்லை. தாங்களாகப் போகவில்லை, கொண்டுபோனது யார் என்பது எங்களுக்குத் தெரியும் என்றார்கள். அவர்களுடைய பதாகைகளில் இருந்தது 'காணாமல் ஆக்கப்பட்டோர்'.