பூச்சு பாக்கி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

இந்தத் தை, மாசியில் மட்டும் நாலு வீட்டுப் பால் காய்ச்சலுக்குப் போய் வந்தேன். நாலும் என்னிடம் படித்த பிள்ளைகளின் வீடுகள். நாலிலும் ஒரே பேச்சு: "உள்பூச்சு முடிஞ்சுருச்சு டீச்சர், வெளிப்பூச்சு பாக்கி", "டைல்ஸ் பாக்கி", "மாடிப்படிக்குக் கைப்பிடி பாக்கி." வாசலில் வாழைமரம் கட்டியிருக்கிறது. பக்கச் சுவரில் செங்கல் தெரிகிறது. சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தில் ஒரு கூச்சம். ஏதோ பரீட்சையில் கடைசிக் கேள்வியை எழுதாமல் விட்டுவிட்டு வந்தது போல.

வாடிப்பட்டியிலிருந்து எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் இப்படிப்பட்ட வீடுகளைப் பார்க்கலாம். என் சிறுவயதில் ஏழை வீடு உண்டு, இடிந்த வீடு உண்டு. 'பாதியில் நிற்கும் வீடு' என்று ஒன்றைப் பார்த்த ஞாபகம் இல்லை. ஏன் என்று யோசித்ததில் தோன்றியதை எழுதுகிறேன்.

அந்தக் காலத்து மண்வீட்டுக்கு 'முடிவு' என்றே ஒன்று கிடையாது. சுவர் மண், கூரை வைக்கோல் அல்லது பனையோலை. பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் விளைந்த நெல்லின் வைக்கோல்தான் மாட்டுக்குத் தீவனம், வீட்டுக்குக் கூரை. ஒவ்வொரு வருஷமும் மழையில் சுவர் கரையும். தை பிறக்கும் முன் விரிசலை மண் குழைத்து அடைப்பார்கள். சுண்ணாம்பைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும். பிள்ளைகளை எட்ட நிற்கச் சொல்வார்கள். ஆறியதும் வடிகட்டி, கஞ்சித் தண்ணீரும் துளி நீலமும் சேர்த்து, நுனியை நசுக்கிய மட்டையால் அடிப்பார்கள். அடியில் ஒரு முழத்துக்குக் காவிப்பட்டை. தரைக்குச் சாணி மெழுகல். காப்புக் கட்டும் நாளுக்குள் தெரு முழுவதும் புதுவீடாகிவிடும்.

இந்த வேலையெல்லாம் யார் செய்தது? பெரும்பாலும் பெண்கள். எங்கள் அப்பத்தா மெழுகிய தரையில் கைவிரல் வளைவு வரிசை வரிசையாகத் தெரியும். இன்று அதே பெண்கள் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறார்கள். கலவை சுமக்கிறார்கள், கல் எடுத்துக் கொடுக்கிறார்கள். கரணையைப் பிடித்துப் பூசுகிறவர் மட்டும் கொத்தனார். பூசும் வேலை ஒரு காலத்தில் தங்கள் வீட்டுப் பெண்கள் கையில் இருந்தது என்பது அந்தச் சித்தாள்களுக்கே மறந்துபோயிருக்கும். அவர்களுக்குக் கூலியும் கொத்தனாரைவிடக் குறைவு. இது எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் கோபம்.

பணம் இருந்தவர்கள் வீட்டில் கடைசிக்கட்டம் வேறு மாதிரி நடந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருமலை நாயக்கர் மகாலுக்குச் சுற்றுலா கூட்டிப்போவோமே, ஞாபகம் இருக்கிறதா? தூணைக் கட்டிப்பிடித்துப் பார்ப்பீர்கள், கை எட்டாது. 1636-ஐ ஒட்டிக் கட்டிய அரண்மனை. இன்று நிற்பது மூல அரண்மனையில் கால்பங்குதான் என்கிறார்கள். அந்தப் பெரிய தூண்களுக்குள்ளும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். பளிங்கு போன்ற வழவழப்பைக் கொடுத்தது மேல்பூச்சு. அரைத்த சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்தது.

இதே வித்தையைச் செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் பக்கத்தில் நின்று தொட்டுப் பார்க்கலாம். காரைக்குடிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் சாப்பாட்டோடு திரும்பிவிடாதீர்கள். சுவரைத் தடவிப் பாருங்கள். அடிப்பூச்சு, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று ஏறி, கடைசியில் மாவாக அரைத்த சுண்ணாம்பும் வெள்ளைக்கருவும். கலவையில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பதுண்டு. பூசியதை வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. பூச்சுக்கு மட்டும் கப்பல் உதவாது. நாள்தான் வேண்டும், கைதான் வேண்டும். 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது செட்டியார்களின் தொழில் அங்கே சரிந்தது. அந்த மாதிரி வீடு கட்டும் காலமும் அதோடு போயிற்று.

சுண்ணாம்புக்கு ஏன் அவ்வளவு நாள்? என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி நீற்றாத சுண்ணாம்பு ஆகிறது. தண்ணீர் விட்டால் நீற்றுச் சுண்ணாம்பு. அதைச் சுவரில் பூசினால், காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெதுவாகத் திரும்ப வாங்கி மறுபடியும் கல்லாகிறது. அந்த மெதுவைத்தான் அவசரப்படுத்த முடியாது. மதுரையில் காளவாசல் என்று ஒரு இடம் இருக்கிறதே, தினம் அந்தச் சிக்னலில் நிற்கிறீர்களே, காளவாசல் என்றால் சூளை என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணைகூட சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல்தூள்தான் சுர்க்கி) கலந்து கட்டியதுதான். 1895-ல் திறந்தது.

அப்புறம் சிமெண்ட் வந்தது. 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கிய போர்ட்லண்ட் சிமெண்ட் நம் பக்கத்துச் சாதாரண வீட்டுக்குள் நுழைய நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மதுக்கரையில் ஆலை 1934-லேயே வந்துவிட்டது. ஆனாலும் ரொம்ப காலம் சிமெண்ட் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது. கடைக்குப் போய்ப் பத்து மூட்டை கொடுங்கள் என்று கேட்க முடியாது. பெர்மிட் வேண்டும். மனு எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்கள் நம் உறவிலேயே இருக்கிறார்கள். கிடைத்த நாலு மூட்டையை நெல் மாதிரி பூட்டி வைத்து, தளத்துக்கும் திண்ணைக்கும் மட்டும் செலவழிப்பார்கள். சுவருக்குச் சுண்ணாம்புதான். 1982-ல் பாதிக் கட்டுப்பாடு விலகியது. 1989 மார்ச்சில் முழுதும் விலகியது. இளைய பிள்ளைகள் இந்த இரண்டு வருஷங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர்த் தெருக்களின் முகம் மாறியதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் வீடு கட்டியது அதற்குப் பிறகு, 1992-ல். தரைக்கு ரெட் ஆக்சைடு. கொத்தனார் ராத்திரி லைட் போட்டுக்கொண்டு, இறுகி வரும் பதம் பார்த்துத் தேய்த்தார். இப்போதும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் முகம் தெரியும். டைல்ஸ் மாற்றச் சொல்லி மருமகள் வருஷாவருஷம் கேட்கிறாள். நான் அசையவில்லை.

சிமெண்டை நான் குறை சொல்லவில்லை. ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்தவர்களுக்குத்தான் கான்கிரீட்டின் அருமை தெரியும். ஆனால் ஒன்று மாறிப்போயிற்று. முன்பு கடைசிக்கட்டம் என்பது வருஷாவருஷம், கைவேலையில், கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. இப்போது அது ஒரே தடவையில், ரொக்கத்தில் நடக்க வேண்டியிருக்கிறது. பூச்சு, பட்டி, பெயிண்ட், டைல்ஸ், வயரிங், குழாய் எல்லாம் தளம் ஒட்டிய பிறகுதான் வருகின்றன. கையில் இருந்ததெல்லாம் தளத்தோடு தீர்ந்திருக்கும். கட்டி முடித்தவர்களைக் கேளுங்கள், "தளம் ஒட்டினா பாதி வீடுதான்" என்பார்கள்.

சடங்குகள் மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கின்றன. நிலை வைப்பு, தச்சு கழிப்பு, பால் காய்ச்சல். ஆசாரிமார் ராத்திரியில் தச்சு கழித்துவிட்டால் வேலை முடிந்தது, இனி வீடு வீட்டுக்காரருக்குச் சொந்தம் என்று அர்த்தம். இன்று தச்சு கழித்த மறுவாரம் டைல்ஸ்காரர் வருகிறார்! நம் பக்கத்தில் அதற்கு ஒரு காரணமும் உண்டு, எல்லோருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லமாட்டோம்: மொய். செய்த மொய் திரும்பி வந்தால்தான் மிச்ச வேலை நடக்கும். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. முன்பு பக்கத்து வீட்டுப் பெண் வந்து மெழுகிக் கொடுத்தாள், அவளுக்கு நாம் போய் மெழுகினோம். அந்தக் கைமாற்றுதான் இப்போது நோட்டில் எழுதும் பணமாகியிருக்கிறது.

அரசு வீட்டுத் திட்டங்களிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985-86-ல் வந்தது. 2016-லிருந்து பிரதமர் திட்டம், சமவெளிப் பகுதிக்கு 1,20,000 ரூபாய், கூரைக்கு மாநில அரசு தனியாகச் சேர்த்துக் கொடுக்கிறது. 2024-ல் கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடிக்கு 3.5 லட்சம். குடிசையை மாற்றிய நல்ல திட்டங்கள். ஆனால் பணம் கட்டம் கட்டமாக வருகிறது. கடைசித் தவணை வேலை முடிந்த பிறகு. முடிக்கத்தானே அந்தப் பணம் வேண்டும்? அந்த இடைவெளியில்தான் தாலிச்செயின் அடகுக்குப் போகிறது. நாலு வீட்டில் ஒரு வீட்டில் இந்தக் கதைதான். அந்தப் பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்ததைப் பார்த்தேன்.

அவளிடம் சொன்னதையே மற்றவர்களுக்கும் சொல்கிறேன். எலிவேஷனுக்காக வட்டிக்கு வாங்காதீர்கள். பணம் கொஞ்சம் வந்ததும் மொட்டைமாடித் தளத்தையும் மழைச்சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவரையும் முதலில் பூசுங்கள், ஐப்பசிக்குள். தெருப்பக்கம் காத்திருக்கட்டும். பூசிய சுவருக்கு ஏழு நாளாவது தண்ணீர் அடியுங்கள். கொத்தனார் போதும் என்றாலும் அடியுங்கள்.

பெர்மிட் சிமெண்ட் வாங்கிய கதை உங்கள் அப்பா, தாத்தாவிடம் இருந்தால் கேட்டு எனக்கு எழுதுங்கள். அந்தக் கால பெர்மிட் சீட்டு யாராவது பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். நான் இதுவரை தேடி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.