மூப்படைய அனுமதிக்கப்படாத உடல்கள்

முதுமை எல்லோருக்கும் வருவது, இயற்கையானது என்கிறோம். யாருடைய உடல் மூப்படைய அனுமதிக்கப்படுகிறது என்பதில் இயற்கைக்கு எவ்வளவு பங்கு, நிறுவனங்களுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் வரலாறு இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க விடாது.

1866-ல் இங்கிலாந்தின் ஏர்ல்ஸ்வுட் காப்பகத்து மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் இவர்களைத் தனி வகையாகப் பிரித்தார். முக அமைப்பை வைத்து 'மங்கோலியர்' என்று பெயரிட்டார். காலனிய இனவாதம் மருத்துவத்திற்குள் பெயரிடுதலாக நுழைந்த இடம் இது. அந்தப் பெயரை விட்டுவிடச் சொல்லி விஞ்ஞானிகள் சிலர் லான்செட் இதழுக்குக் கடிதம் எழுத 1961 ஆக வேண்டியிருந்தது.

பெயரோடு ஒரு கதையாடலும் ஒட்டிக்கொண்டது: இவர்கள் என்றும் குழந்தைகள், சீக்கிரம் செத்துப்போவார்கள். 1929-ல் இவர்களின் சராசரி ஆயுள் 9 ஆண்டு என்று கணக்கிட்டார்கள். 1949-ல் 12. இன்று வசதியுள்ள நாடுகளில் ஏறக்குறைய 60. இடையில் குரோமோசோம் ஒன்றும் மாறிவிடவில்லை. 21-ஆம் குரோமோசோம் அன்றைக்கு மூன்றாக இருந்தது போலத்தான் இன்றைக்கும் இருக்கிறது. எல்லோருக்கும் கிடைத்த ஆன்டிபயாடிக் இதில் ஒரு பங்கு. மற்றது, காப்பகங்களின் கதவு திறந்தது. பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருக்கும் இதயக் கோளாறுக்கு அறுவை செய்ய டாக்டர்கள் சம்மதித்தது. அப்படியானால் அந்த 9 வயது உடலின் கணக்கா, காப்பகத்தின் கணக்கா?

சம்மதமும் லேசில் வரவில்லை. 1982-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துப் புளூமிங்டனில் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த ஒரு குழந்தைக்கு உணவுக்குழாய் அடைபட்டிருந்தது. அறுவையால் சரிசெய்யக்கூடிய கோளாறுதான். பெற்றோர் வேண்டாம் என்றார்கள், நீதிமன்றம் அதை ஏற்றது, ஆறு நாளில் குழந்தை இறந்தது. ஆவணங்களில் அதற்கு 'பேபி டோ' என்று பெயர்.

இரண்டு வருஷம் கழித்து, 1984-ல், ஜார்ஜ் கிளென்னரும் அவருடைய சக ஆய்வாளரும் அல்ஸைமர் நோயாளிகளின் மூளை ரத்தக்குழாய்களில் படியும் அமிலாய்டுப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே புரதம் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் மூளையிலும் இருந்தது. அப்போ நோயின் வேர் 21-ஆம் குரோமோசோமில் இருக்கணும் என்று ஊகித்தார்கள். 1987-ல் அந்தப் புரதத்திற்கான மரபணு அங்கேயே கண்டுபிடிக்கப்பட்டது. அல்ஸைமர் ஆராய்ச்சி பெருமளவு இந்த அஸ்திவாரத்தின் மேல்தான் எழும்பியது. உயிரோடு இருக்கையில் அறுவைக்கு லாயக்கில்லை என்று விடப்பட்டவர்களின் மூளை, செத்தபின் அறிவுக்குத் தேவைப்பட்டது.

கொடுத்தவர்களுக்கு என்ன திரும்பக் கிடைத்தது? டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் வாழ்நாளில் மறதிநோய் வருகிறது, பெரும்பாலும் ஐம்பதுகளிலேயே. அமிலாய்டை அகற்றும் லெக்கனமாப் மருந்துக்கு 2023-ல் அமெரிக்கா முழு ஒப்புதல் தந்தது. 1,795 பேரிடம் நடந்த அதன் முக்கியச் சோதனையில் இவர்கள் சேர்க்கப்படவில்லை. மூளையில் ரத்தக்கசிவு அபாயம் இவர்களுக்கு அதிகமாகலாம் என்கிறார்கள். அது வெறும் சாக்கு இல்லை. ரத்தக்குழாயில் அமிலாய்டு படிகிறது என்பதைத்தானே 1984 சொன்னது. ஆனால் அபாயம் இருக்குன்னா, இவர்களுக்கென்றே கவனமாகச் சோதிப்பதுதான் முறை. அதைத்தான் கடைசிக்குத் தள்ளினார்கள்.

மருந்துக்கு முன்னாடியே விலக்கல் தொடங்கிவிடுகிறது. தைராய்டு குறைந்தாலும், காது மந்தமானாலும், வலியைச் சொல்லத் தெரியாமல் முரண்டு பிடித்தாலும் 'அவன் அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறார்கள். குறைபாடே எல்லாவற்றுக்கும் விளக்கமாகி நோயை மறைத்துவிடுகிறது. டவுன் சிண்ட்ரோம் மட்டுமல்ல, அறிவுசார் குறைபாடு உள்ள எல்லோருக்கும் இதே கதிதான். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட 247 பேரின் மரணங்களை ஆராய்ந்து பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2013-ல் அறிக்கை தந்தார்கள். மற்றவர்களைவிட ஆண்கள் 13 ஆண்டும் பெண்கள் 20 ஆண்டும் முன்னதாக இறந்திருந்தார்கள். நோயறிவதிலும் சிகிச்சையிலும் நேர்ந்த தாமதங்களை அறிக்கை சுட்டுகிறது.

அயர்லாந்தில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. அறிவுசார் குறைபாடு உள்ள, 40 வயதைத் தொட்ட, கடந்த 753 பேரை நீண்டகாலம் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வின் முதல் சுற்றை டப்ளின் டிரினிட்டி கல்லூரி 2010-ல் நடத்தியது. ஆய்வை வடிவமைப்பதில் அவர்களிடமும் யோசனை கேட்டார்கள். முடிந்தவரை அவர்களே பதில் சொன்னார்கள். ஆய்வுப்பொருள் வாய்திறந்து பேசத் தொடங்கிய இடம் இது.

நம் மொழியில் ஐம்பது வயதுக்காரரையும் 'அது குழந்தை மாதிரி' என்கிறோம். பரிவாகத்தான் சொல்கிறோம். ஆனால் குழந்தைக்கு மூட்டு வலிக்காது, மாதவிலக்கு நிற்காது, மறதி வராது; எனவே பரிசோதிக்கவும் யாருக்கும் தோன்றுவதில்லை. நம் கதைகளிலும் இவர் பெரும்பாலும் கள்ளமறியாத பிள்ளையாகவே வந்துபோகிறார். அம்மா இறந்தபின் அவர் எங்கே, யாரோடு மூப்படைகிறார் என்று எழுதியவர்கள் குறைவு. எழுத்தாளர்கள் அதை எழுதலாம். இயக்கத்தில் இருப்பவர்கள், முதியோருக்கென்று வரும் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் திட்டத்திலும் இவர்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தொடங்கலாம்.