எந்த நோடு பிழைக்கும்? சர்வர் கிளஸ்டர்களில் குவோரம் வளர்ந்த வரலாறு

ஒரே வட்டைப் பகிர்ந்து இயங்கும் இரண்டு சர்வர்களுக்கு இடையே இணைப்பு அறுந்துவிட்டால், எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வரவில்லை என்பது மட்டுமே ஒவ்வொன்றுக்கும் தெரியும். மற்றது நின்றுபோனதா, ஓடிக்கொண்டே பேச முடியாமல் தவிக்கிறதா என்பதை உள்ளிருந்தபடி அறிய வழியில்லை. இரண்டுமே தான்தான் மிச்சம் என்று நம்பி எழுதத் தொடங்கினால் கோப்பு முறைமை சிதைந்துவிடும். கிளஸ்டர் நிர்வாகிகள் 'ஸ்பிளிட் பிரெய்ன்' என்று அஞ்சும் நிலை இதுதான். இதைத் தடுக்க எடுத்த முயற்சிகளை வரிசையாகப் பார்த்தால், பொறியாளர்கள் கேட்ட கேள்வியே படிப்படியாக மாறிவந்தது தெரிகிறது. எது செத்தது என்று முதலில் கேட்டார்கள். தொடரும் உரிமை யாருக்கு என்று பிறகு கேட்டார்கள். உரிமை இழந்ததை நிறுத்துவது எப்படி என்ற கேள்வி கடைசியாகத்தான் முழு வடிவம் பெற்றது.

முதல் கேள்வியின் காலத்துக்கு 1976இல் விற்பனைக்கு வந்த டான்டெம் நான்ஸ்டாப் கணினி நல்ல சான்று. அதன் ஒவ்வொரு செயலியும் 'நான் உயிரோடிருக்கிறேன்' என்ற சிறு செய்தியை இடைவிடாமல் மற்றவற்றுக்கு அனுப்பும். செய்தி நின்றால் அந்தச் செயலி செத்ததாகக் கொள்ளப்படும். செயலிகளை இணைக்க இரண்டு தனித்தனிப் பஸ்கள் இருந்ததால், மௌனத்தை மரணமாகக் கருதுவது பெரும்பாலும் பிழையாகவில்லை. நெட்வொர்க்கில் அந்த நம்பிக்கை செல்லாது. இழக்கக்கூடிய செய்திகளை மட்டும் கொண்டு இரு தரப்பும் உறுதியான உடன்பாட்டுக்கு வர முடியாது என்பதை ஜிம் கிரே 1978இல் இரண்டு தளபதிகளின் புதிராக எழுதினார்.

அடுத்த ஆண்டே திருப்பம் வந்தது. பல பிரதிகளாக வைத்த தரவுத்தளத்தில் ஒரு மாற்றம் செல்ல வேண்டுமானால் பெரும்பான்மைப் பிரதிகள் சம்மதிக்க வேண்டும் என்று ராபர்ட் தாமஸ் 1979இல் முன்வைத்தார். அதே ஆண்டில் டேவிட் கிஃபோர்ட், பிரதிகளுக்கு வெவ்வேறு எண்ணிக்கையில் வாக்குகள் தரலாம் என்று விரித்தார். இதன் பலம் எளிய கணக்கில் இருக்கிறது. ஐந்தில் மூன்று ஒரு பக்கம் சேர்ந்தால் மறுபக்கம் இரண்டுதான் மிஞ்சும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் பெரும்பான்மை ஆக முடியாது. மற்றவர் உயிரோடு இருக்கிறாரா என்று யாரும் அறியத் தேவையில்லை. தன் பக்கத்து வாக்குகளை எண்ணினால் போதும்.

இந்தக் கருத்தை இயங்குதளத்துக்குள் கொண்டுவந்து அன்றாடப் பயன்பாட்டுக்கு ஆக்கியது டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1983இல் அறிவித்த வேக்ஸ்கிளஸ்டர். குவோரம் என்பது கிளஸ்டர் தொடர்ந்து இயங்கத் தேவையான குறைந்தபட்ச வாக்குகள். அதன் கணக்கை இன்றும் கையால் போட்டுப் பார்க்கலாம். எதிர்பார்க்கும் மொத்த வாக்குகளுடன் 2ஐக் கூட்டி, 2ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிட வேண்டும். தலா 1 வாக்குள்ள இரண்டு நோடுகள், அதாவது கிளஸ்டரில் சேர்ந்த சர்வர்கள், என்றால் குவோரம் 2. ஒன்று விழுந்தால் மற்றதிடம் 1 வாக்குதான் இருக்கும். நல்ல நிலையில் உள்ள அந்த நோடும் வேலையை நிறுத்திவைத்துக் காத்திருக்கும். இரண்டு நோடும் நேரடியாக எட்டக்கூடிய ஒரு வட்டுக்கு 1 வாக்குக் கொடுத்தால் மொத்தம் 3. குவோரம் இரண்டரையிலிருந்து இறங்கி 2 ஆகும். இப்போது பிழைத்த நோடும் வட்டும் சேர்ந்து அதை நிரப்பிவிடும். குவோரம் வட்டு என்ற ஏற்பாடு இப்படித்தான் பிறந்தது. சேவை நின்றாலும் பரவாயில்லை, தரவு கெடக்கூடாது என்ற முன்னுரிமை, குவோரம் இல்லாவிட்டால் நிற்கும் அந்த விதியில் ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. என் மதிப்பீட்டில் இத்துறையின் மிகத் துணிவான முடிவு அதுவே. செய்தி எவ்வளவு வேண்டுமானாலும் தாமதமாகலாம் என்ற அமைப்பில், ஒரே ஒரு செயல்முறை நின்றுபோகும் வாய்ப்பு இருந்தாலும் உடன்பாட்டை எப்போதும் எட்டிவிடும் என்று உறுதி தரும் நிர்ணயமான வழிமுறை கிடையாது என்று ஃபிஷர், லின்ச், பேட்டர்சன் மூவரும் 1985இல் நிறுவியது, அந்த முன்னுரிமைக்குக் கோட்பாட்டு வலுவையும் தந்தது.

வாக்கில் தோற்ற நோடு தானாக ஒதுங்கும் என்ற நம்பிக்கையே இதுவரை கண்ட வழிகளின் அடிப்படை. உறைந்துபோன நோடு அப்படி ஒதுங்காது. விழித்ததும் விட்ட இடத்திலிருந்து எழுதும். ஆகவே 1990களில் கவனம் வட்டின் வாசலுக்கு நகர்ந்தது. 1997இல் வந்த மைக்ரோசாஃப்ட் கிளஸ்டர் சர்வரில், குவோரம் வட்டை வைத்திருக்கும் நோடு வட்டைத் தனக்கென ஒதுக்கும் ஸ்கஸி முன்பதிவைச் சில வினாடிகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும். சவால் விடும் நோடு பஸ்ஸை ரீசெட் செய்து அந்தப் பிடியை உடைத்துவிட்டு, புதுப்பிக்கும் இடைவெளியைவிட நீண்ட நேரம் காத்திருக்கும். பழைய உரிமையாளர் உயிரோடிருந்தால் அதற்குள் மீண்டும் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் வட்டு சவால்காரருக்கு. லினக்ஸ் உலகம் இன்னும் கடுமையான வழியை எடுத்தது: சந்தேகத்துக்குரிய நோடின் மின்சாரத்தையே துண்டிப்பது. மற்ற நோடின் தலையில் சுடு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதற்கு 'ஸ்டோனித்' என்று பெயர் வைத்தார்கள்.

வாக்கெடுப்பு இல்லாமல் இந்த ஆயுதத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப் 2012 டிசம்பர் 22 அன்று விலை கொடுத்தது. ஸ்விட்சுக் கோளாறால் நெட்வொர்க் சிறிது நேரம் உறைந்தது. ஜோடி ஜோடியாக இருந்த கோப்புச் சர்வர்கள் ஒன்றையொன்று கொல்ல ஆணை பிறப்பித்தன. அந்த ஆணைகளில் சில போய்ச் சேரவில்லை. நெட்வொர்க் மீண்டபோது சில ஜோடிகளில் இரண்டுமே தம்மை முதன்மையாகக் கருதி மற்றதை நிறுத்த, இரண்டும் விழுந்தன. மூன்றாவது வாக்கு இல்லாத இரண்டு நோடு அமைப்பின் அடிப்படைக் குறை இது. சம எண்ணிக்கையாகப் பிரிந்தால் எண் குறைந்த நோடு உள்ள பக்கம் பிழைக்கட்டும் என்று ஆரக்கிள் ராக் தரவுத்தளக் கிளஸ்டர் வைத்த விதியும், சாட்சி வட்டு, சாட்சிக் கோப்புறை என்று பின்னர் வந்தவையும் அந்தச் சமநிலையை உடைக்கவே வந்தன.

மின்சாரத்தைத் துண்டிக்க முடியாத பெரிய அமைப்புகளுக்கு வேறு விடை கிடைத்தது. கூகுளின் சப்பி பூட்டுச் சேவையைப் பற்றி மைக் பர்ரோஸ் 2006இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பூட்டைப் பெறுபவர் அதன் தலைமுறை எண்ணையும் பெறுகிறார். வேலையை ஏற்கும் சர்வர் அந்த எண்ணைச் சரிபார்த்து, பழைய எண்ணுடன் வரும் கோரிக்கையை மறுத்துவிடும். உறைந்து விழித்த நோடைக் கொல்ல வேண்டியதில்லை. அதன் எழுத்து செல்லாமல் போகிறது. 2014இல் வெளியான ராஃப்ட் என்ற உடன்பாட்டு வழிமுறையின் பதவிக்கால எண்ணும் பழைய தலைவரை இப்படித்தான் விலக்குகிறது.

ஆனாலும் உரிமையை முடிவு செய்வதும் தரவைக் காப்பதும் வேறு வேறு என்பது 2018 அக்டோபர் 21 அன்று மீண்டும் கிட்ஹபில் தெரிந்தது. பராமரிப்புப் பணியின்போது அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையின் முதன்மைத் தரவு மையம் 43 வினாடிகள் துண்டிக்கப்பட்டது. தரவுத்தளங்களை மேற்பார்வையிடும் ஆர்க்கெஸ்ட்ரேட்டரின் மற்ற நோடுகள் ராஃப்ட் விதிப்படி முறையாகக் குவோரம் கூடி, மேற்குக் கடற்கரைச் சர்வர்களை முதன்மையாக்கின. வாக்கெடுப்பில் குறை இல்லை. ஆனால் கிழக்கில் எழுதப்பட்டு மேற்கைச் சென்றடையாத பதிவுகள் இருந்தன. பரபரப்பான ஒரு கிளஸ்டரில் மட்டும் அவை 954. மேற்கிலும் புதிய பதிவுகள் சேரத் தொடங்கியதால் இரண்டையும் எளிதில் ஒன்றாக்க முடியவில்லை. சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. ஒரு பிராந்தியத்தின் முதன்மைப் பொறுப்பு இன்னொரு பிராந்தியத்துக்குத் தானாகத் தாவாதபடி ஆர்க்கெஸ்ட்ரேட்டரின் அமைப்பை மாற்றுவதாக நிறுவனம் தன் அறிக்கையில் எழுதியது.